'அப்டேட்டில் வரும்' என்று சொல்லும் காரை இப்போதே எடுக்கலாமா?

தம்பி ஒரு புது கார் பார்த்து வைத்திருக்கிறான். ஓட்டிப் பார்த்தாயிற்று, வண்டி பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கட்டப் போகிற நேரத்தில் எனக்கு போன் செய்தான். எந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்து மேல் வேரியண்ட்டைப் பார்த்தானோ, அந்த வசதி டெலிவரி அன்று வேலை செய்யாதாம். நெடுஞ்சாலையில் லேனுக்கு நடுவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு போவது, முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, இண்டிகேட்டர் போட்டால் தானே லேன் மாறுவது, இவைதான் அவனுக்கு வேண்டும். கேமரா, ரேடார் எல்லாம் பொருத்தித்தான் தருகிறார்கள், சாஃப்ட்வேர் மட்டும் பாக்கி. "இன்னும் ரெண்டு மூணு மாசத்துல அப்டேட்ல வந்துடும் சார்" என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். "என்னக்கா பண்ணட்டும்?" என்றான்.

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற வேறு யாருக்கும் உதவட்டும்.

இதே வாக்கியத்தை நம்பி நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை நெடுந்தூரம் ஓட்டுகிறவள் நான், இரவு திரும்பும்போது தோளும் கண்ணும் ஓய்ந்துவிடும், அதற்காகத்தான் அந்தப் பேக்கேஜுக்குத் தனியாகப் பணம் கட்டினேன். ஸ்டீயரிங்கில் அதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் 'இந்த வசதி இப்போது கிடைக்காது' என்று திரையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதம் என்றது 16 மாதமானது. அப்படி வந்த முதல் அப்டேட்டில் வளைவுகளில் வண்டி இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் அலைந்தது, மேம்பாலத்தின் நிழலைப் பார்த்துத் திடீரென்று பிரேக் பிடித்தது. பயமில்லாமல் பயன்படுத்தலாம் என்ற நிலை வர இன்னும் 4 மாதம் ஆனது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். யாரிடம் கேட்டாலும் ஒரு தேதி கிடைக்கவில்லையே, அதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு சர்வீஸுக்குப் போகும்போதும் கேட்பேன், கவுண்டரில் இருக்கிற பையனுக்கு என்னைவிடக் குறைவாகத்தான் தெரிந்திருக்கும், அவனைத் திட்டியும் பயனில்லை.

சரி, தம்பிக்கு இருக்கிற வழிகள் என்ன? பேக்கேஜோடு இப்போதே எடுப்பது. வசதி வரும்வரை எடுக்காமல் காத்திருப்பது. அதே காரைப் பேக்கேஜ் இல்லாமல் எடுத்து, வசதி வந்தபிறகு பணம் கட்டுவது. இந்தக் காரை விட்டுவிட்டு, இன்றைக்கே அந்த வசதி ஓடுகிற வேறு காருக்குப் போவது. இந்த நான்கையும் எடை போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், பெரும்பாலானவர்கள் அதைக் கேட்காமலேயே முடிவெடுக்கிறார்கள்: வசதி ஏன் தாமதமாகிறது? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பது, வரவே வருமா என்பதுகூட, அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

சில நேரம் பாகம் கிடைக்காமல் தாமதமாகும். 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் தன் 2022 கேடிலாக் எஸ்கலேடில் 'சூப்பர் க்ரூஸ்' என்ற, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போகிற வசதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2017-இலிருந்தே கேடிலாக் சிடி6-இல் ஓடிக்கொண்டிருந்த, வேலை செய்யும் என்று நிரூபணமான வசதி அது. இந்த வகைத் தாமதத்துக்கு நான் அதிகம் பயப்பட மாட்டேன். ஆனால் ஒன்று, பாகத்தையே பொருத்தாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால் எந்த அப்டேட்டும் அதைக் கொண்டுவராது. ரேடார் இல்லாத பம்பருக்குள் சாஃப்ட்வேர் போய் ரேடார் முளைக்க வைக்காது.

சில நேரம் அனுமதிதான் தடை. ஜெர்மன் கார் நிறுவனமான ஆடி தன் புது ஏ8 காரை 2017-இல் காட்டியபோது, நெரிசலில் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஓட்டுநர் சாலையைப் பார்க்காமலேயே உட்காரலாம் என்ற லெவல் 3 வசதியைத்தான் பெரிதாகப் பேசினார்கள். சட்டம் வரட்டும், கொடுக்கிறோம் என்றார்கள். அதற்கான ஐநா விதிமுறை 2020 ஜூனில்தான் ஏற்கப்பட்டது, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் 2020-இலேயே ஆடி அந்தத் தலைமுறை ஏ8-க்கு அந்த வசதி இல்லை என்று கைவிட்டுவிட்டது. பின்னால் 2022 மே மாதம் மெர்சிடிஸ் ஜெர்மனியில் எஸ்-கிளாஸுக்கு அதே 60 கிலோமீட்டர் வரம்போடு லெவல் 3 கொடுத்தது, ஆனால் ஏ8 வாங்கியவருக்கு அதனால் என்ன லாபம்? 'அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்' என்பது பொய்யில்லை, உண்மையாகவே இருக்கலாம். அனுமதி வருகிற அன்று உங்கள் வண்டி அதற்குத் தகுதியாக இருக்குமா என்பதற்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

மூன்றாவது, அதிகம் நடப்பது, சாஃப்ட்வேர் இன்னும் முடியவில்லை என்பது. 2016 அக்டோபரில் டெஸ்லா புது கேமராக்களும் புது கணினியும் வைத்த கார்களை விற்க ஆரம்பித்தது. 'ஆட்டோபைலட்' என்ற ஓட்டுநர் உதவி அமைப்பின் முதல் தலைமுறை இருந்த பழைய கார்களில் ஓடிக்கொண்டிருந்த சில வசதிகள் இந்தப் புதிய கார்களில் ஆரம்பத்தில் இருக்காது என்று நிறுவனமே சொன்னது. தானியங்கி அவசர பிரேக், மோதல் எச்சரிக்கை, லேன் பிடிப்பு, முன்வண்டிக்கேற்ற க்ரூஸ் கண்ட்ரோல், எல்லாம் அந்தப் பட்டியலில். அதாவது முந்தைய மாதம் வாங்கியவரிடம் இருந்தது, புதியதை வாங்கியவரிடம் இல்லை. அவசர பிரேக் இன்னும் வரவில்லை என்ற காரணத்துக்காக 2017 ஏப்ரலில், கார்களைச் சோதித்து மதிப்பிடும் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அந்தக் கார்களின் மதிப்பெண்ணைக் குறைத்தது, அதையொட்டி வந்த அப்டேட்டிலும் பிரேக் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகம் வரை மட்டுமே வேலை செய்தது. தாமதத்துக்காகப் போட்ட வழக்கு 2018-இல் சமரசத்துக்கு வந்தது. 5,000 டாலர் கட்டிப் பேக்கேஜ் வாங்கியவர்களுக்கு, எப்போது வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து 20 முதல் 280 டாலர் வரை. இந்தக் கணக்கைத் தம்பி நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது தைரியம் சொன்னால், ஜெயித்தாலும் கைக்கு வருவது இந்த அளவுதான் இருக்கும்.

லூசிட் ஏர் காரின் கதை இன்னும் நீளம். முதல் வண்டிகள் 2021 அக்டோபரில் கைக்கு வந்தன. மேல் பேக்கேஜில் லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கிற கருவி) உட்பட ஒரு கூடை சென்சார்கள் இருந்தன. கையை எடுத்துவிட்டு நெடுஞ்சாலையில் போகிற வசதி அந்தக் கார்களுக்கு வரத் தொடங்கியது 2025 ஜூலை கடைசியில். 3 வருட லீஸில் எடுத்த முதல் ஆட்கள் அதற்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நிறுவனம் சொன்னதைச் செய்துவிட்டது என்று சொல்லலாம்தான், ஆனால் யாருக்குச் செய்தது?

நான்காவது காரணம்தான் எல்லாவற்றிலும் மோசம்: பொருத்தியிருக்கிற பொருளே போதாது என்று பின்னால் தெரியவருவது. வால்வோ இஎக்ஸ்90 கூரையில் லைடாரோடு 2024-இல் வந்தது. ஆரம்பத்தில் அந்த லைடார் தகவல் சேகரிக்க மட்டுமே பயன்பட்டது, ஓட்டுநர் உதவிக்குப் பயன்படவில்லை. 2026 மாடலிலிருந்து லைடாரையே எடுத்துவிட்டார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், முதலில் வாங்கியவர்களுக்குக் காரின் மையக் கணினியை இலவசமாக மாற்றித் தருவதாக அதே வால்வோ அறிவித்தது, எல்லா நிறுவனமும் அப்படிச் செய்வதில்லை. டெஸ்லாவிலும் 2025 ஜனவரியில், முழு தானியங்கி ஓட்டத்துக்குப் பணம் கட்டியிருக்கிற மூன்றாம் தலைமுறைக் கணினிக்காரர்களுக்குக் கணினியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஈலான் மஸ்க் ஒப்புக்கொண்டார். அந்தப் பேக்கேஜை விற்க ஆரம்பித்தது 2016-இல்.

இந்த நான்கில் எது என்று ஷோரூமில் நேராகக் கேட்டால் பதில் வராது. அவர்களுக்கே தெரியாது. ஆனால் வேறு மாதிரி கேட்டால் கண்டுபிடிக்கலாம்: "இதே சென்சார், இதே கணினி இருக்கிற உங்கள் காரில் ஏதாவது ஒன்றில், உலகத்தில் எங்கேயாவது, இந்த வசதி இன்றைக்கு ஓடுகிறதா?" இங்கேயே வேறு மாடலில் ஓடுகிறது என்றால் மிச்சமிருப்பது பொருத்திச் சரிபார்க்கிற வேலை, மாதக் கணக்கில் முடியலாம். வேறு நாட்டில் இதே மாடலில் ஓடுகிறது என்றால் தடை அனுமதியோ, உள்ளூர்ச் சாலைகளின் வரைபடமோ. எங்கேயும் ஓடவில்லை என்றால் அதை இனிமேல்தான் உருவாக்க வேண்டும், அதற்கு எந்த மாதத்தைச் சொன்னாலும் அது ஊகம்தான். நான் வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் 'எங்கேயும் இல்லை' என்ற பதில் கிடைத்திருக்கும், பேக்கேஜுக்குப் பணம் கட்டியிருக்க மாட்டேன்.

இன்னொரு பிரிவும் முக்கியம். பாக்கி இருப்பது பாதுகாப்பு வசதியா, சௌகரிய வசதியா? முன்னால் மோதப் போகிறது என்று தெரிந்து தானே பிரேக் பிடிப்பது, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் வண்டி வந்தால் எச்சரிப்பது, இவை பாதுகாப்பு. அமெரிக்காவின் ஐஐஎச்எஸ், அதாவது காப்பீட்டு நிறுவனங்கள் நடத்துகிற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், தானியங்கி பிரேக் இருக்கிற கார்களில் முன்வண்டியின் பின்பக்கத்தில் போய் மோதுகிற விபத்துகள் பாதியாகக் குறைவதாகக் கண்டது. ஆனால் லேனின் நடுவில் பிடித்துக்கொண்டு போகிற வசதிகளால் விபத்து குறைவதற்குப் பெரிய ஆதாரம் எதையும் அதே நிறுவனம் 2024-இல் காணவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் இப்படிப்பட்ட 14 அமைப்புகளைச் சோதித்து 11-க்கு 'மோசம்' என்று மதிப்பெண் போட்டது. ஓட்டுநர் சாலையைக் கவனிக்கிறாரா என்று சரியாகப் பார்ப்பதில்லை என்பது அதன் பெரிய குறை.

அதனால் என் அளவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அவசர பிரேக்கோ, பக்கவாட்டு எச்சரிக்கையோ 'பிறகு வரும்' என்றால் வண்டியை எடுக்கக் கூடாது, அது வந்தபிறகு பார்க்கலாம், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. லேன் பிடிப்பும் லேன் மாற்றமும்தான் பாக்கி என்றால், அது பணக் கணக்கும் மனக் கணக்கும்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

பேக்கேஜோடு இப்போதே எடுப்பது. இதில் நல்லது என்ன? வண்டி கையில் இருக்கும், பழைய காரை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம், பேக்கேஜ் பின்னால் விலை ஏறினால் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். பின்னால் கணினியை மாற்ற வேண்டிவந்தால் முழுப் பணம் கட்டியவருக்குத்தான் உரிமை வலுவாக இருக்கும். டெஸ்லாவில் அப்படித்தான் நடந்தது, முழுப் பணம் கட்டியவர்களுக்குக் கணினி இலவசமாக மாறியது, 2021-இல் சந்தா முறை வந்தபோது பழைய கணினியோடு சந்தா கேட்டவர்களிடம் அந்த மாற்றத்துக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். கெட்டது என்ன என்பதை என் கதையிலேயே பார்த்தீர்கள். அதோடு இரண்டு விஷயங்கள் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தன. ஒன்று, சில வசதிகள் இணையச் சேவையோடு சேர்ந்து 'முதல் இத்தனை வருடம் இலவசம்' என்று வரும். அந்த இலவசக் காலம் டெலிவரி நாளிலிருந்து ஓடுமா, வசதி வந்த நாளிலிருந்து ஓடுமா? என்னுடையது டெலிவரியிலிருந்து ஓடியது, வசதி வருவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. இரண்டு, பேக்கேஜ் காரோடு போகுமா, உங்களோடு வருமா? வண்டியை விற்கும்போது, வேலை செய்யாத பேக்கேஜுக்கு அடுத்தவர் ஒரு பைசா கூடுதலாகத் தர மாட்டார்.

இப்படி எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏதாவது ஒன்றைப் பதிலுக்குக் கேளுங்கள். 2020-இல் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-இன் முதல் பதிப்பை விற்றபோது, போனை இணைக்கிற ஒரு வசதியும் கண்ணாடியில் தகவல் காட்டுகிற அமைப்பின் ஒரு பகுதியும் தயாராகவில்லை. இப்போதே எடுத்து 2021 தொடக்கத்தில் அப்டேட் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஆண்டுக் கடைசிவரை காத்திருந்து எடுங்கள் என்று வாங்குபவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், முன்னால் எடுப்பவர்களுக்குச் சலுகையும் கொடுத்தார்கள். எது இல்லை, எப்போது வரும், அதற்குப் பதிலாக என்ன தருகிறோம், மூன்றையும் முன்கூட்டியே சொன்னார்கள். இதைத்தான் எல்லா நிறுவனத்திடமும் எதிர்பார்க்கிறேன், இது ஒன்றும் அதிக ஆசையில்லை.

எடுக்காமல் காத்திருப்பது. இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உங்கள் பழைய கார் நன்றாக ஓடினால், தாமதத்துக்குக் காரணம் பாகத் தட்டுப்பாடோ பொருத்திப் பார்க்கும் வேலையோ என்று தெரிந்தால், காத்திருப்பதில் நஷ்டமே இல்லை. காரணம் 'எங்கேயும் ஓடவில்லை' வகை என்றால் இதற்கு முடிவே கிடையாது, காத்திருக்கிற நேரத்தில் அடுத்த மாடல் வந்துவிடும். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் இல்லாமல் எடுத்துப் பிறகு வாங்குவது. பலருக்கு இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். வசதி வருகிறது, மற்றவர்கள் முதல் அப்டேட்டில் படுகிற அவஸ்தையை நீங்கள் தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள், நன்றாக இருந்தால் ஒரு மாதச் சந்தா கட்டி ஓட்டிப் பார்க்கிறீர்கள், பிடித்தால் தொடர்கிறீர்கள். பணம் உங்கள் கையில் இருக்கும்வரை பேச்சும் உங்கள் பக்கம் இருக்கும். ஆனால் இது நடக்க, சென்சாரும் கணினியும் ஆலையிலேயே பொருத்தி வந்திருக்க வேண்டும். ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ-யில் 'ப்ளூக்ரூஸ்' என்ற, கையை எடுத்துவிட்டு நெடுஞ்சாலையில் போகிற வசதி வருவதற்கு முன்னால் வன்பொருளை மட்டும் 'தயார்நிலைப் பேக்கேஜாக' விற்று, சாஃப்ட்வேரைப் பிறகு தனிப் பணத்துக்குக் கொடுத்தார்கள், அந்த மாதிரி அமைப்பு இருந்தால் வசதி. பல கார்களில் கீழ் வேரியண்ட்டில் முன்னால் ஒரு கேமரா மட்டும் இருக்கும், மூலை ரேடார்கள் இருக்காது. அப்படிப்பட்ட வண்டியில் பின்னால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் தானாக லேன் மாறாது. விலைப்பட்டியலில் வசதியின் பெயரைப் பார்க்காதீர்கள், சென்சார் எத்தனை, எங்கே என்று பாருங்கள்.

சென்சாரை எடுத்துவிடுவதும் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் டெஸ்லா பம்பரில் இருந்த அல்ட்ராசானிக் சென்சார்களை நிறுத்தியபோது, பார்க்கிங் எச்சரிக்கையும் தானாகப் பார்க் செய்வதும் அந்தப் புதிய கார்களில் இல்லாமல் போயின. எச்சரிக்கை 2023 மார்ச்சில் கேமரா வழியாகத் திரும்பியது, தானாகப் பார்க் செய்வது வர 2024 ஆகிவிட்டது. நீங்கள் டெஸ்ட் டிரைவ் செய்த வண்டியும் டெலிவரி எடுக்கிற வண்டியும் ஒரே மாதத்தில் தயாரானவையா என்று பார்ப்பது நல்லது.

கடைசி வழி, இன்றைக்கே ஓடுகிற வேறு கார். மனம் ஒப்பாது, தெரியும். பிடித்த வண்டியை விட்டு, திரை சின்னதாக, பேர் குறைவாக இருக்கிற இன்னொன்றுக்குப் போவதா என்று தோன்றும். ஆனால் நீங்கள் தேடுவது உண்மையில் இந்த வசதிதான் என்றால், நீண்ட சாலைதான் உங்கள் தினசரி வாழ்க்கை என்றால், இதைவிட நேர்மையான வழி கிடையாது. ஓட்டிப் பார்த்துத் திருப்தியான ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். பிறகு அப்டேட்டில் இன்னும் நன்றானால் அது கூடுதல் லாபம். 2017-இல் வந்த சூப்பர் க்ரூஸ் லைடாரால் அளந்து வரைபடமாக்கிய நெடுஞ்சாலைகளில் மட்டுமே வேலை செய்தது, எல்லை சின்னதுதான், ஆனால் அந்த எல்லைக்குள் சொன்னதைச் செய்தது. பெரிய வாக்குறுதியோடு காத்திருந்தவர்களைவிட அந்த ஓட்டுநர்கள் நிம்மதியாகப் போய்வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஓட்டிப் பார்ப்பதென்றால் ஷோரூமைச் சுற்றி 10 நிமிடம் போதாது. நெடுஞ்சாலையில், முடிந்தால் இருட்டிலும் மழையிலும், கோடு அழிந்த இடத்திலும் வளைவிலும் போட்டுப் பாருங்கள். எப்போது அது கையை விடுகிறது, விடுவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். விளம்பரப் பக்கம், பில், விற்றவர் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முழுப் பணத்தையும் திரும்பக் கேட்டால் மறுப்பார்கள், பேக்கேஜ் பணத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சந்தா நீட்டிப்பு, இலவச சர்வீஸ் என்று ஏதாவது. நான் 11-ஆவது மாதத்தில்தான் எழுத்தில் கேட்டேன், 12-ஆவது மாதத்தில் சந்தாவை 2 வருடம் நீட்டித்தார்கள். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கேள்வியை அவன் ஷோரூமில் கேட்டான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: இதே கணினியில் இந்த வசதி இன்னும் எந்த மாடலிலும் வரவில்லை. கீழ் வேரியண்ட்டில் மூலை ரேடார் இல்லை, ஆக மூன்றாவது வழியும் அவனுக்கு அடைபட்டுவிட்டது. இத்தனை மாதத்துக்குள் வராவிட்டால் பேக்கேஜ் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று புக்கிங் படிவத்திலேயே ஒரு வரி எழுதித் தரச் சொன்னான், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எழுதித் தந்தால் எடு, இல்லாவிட்டால் விடு என்று சொல்லியிருக்கிறேன். அவன் இரண்டாவதாக வைத்திருந்த காரில் லேன் பிடிப்பு இன்றைக்கே ஓடுகிறது, லேன் மாற்றம் மட்டும் இல்லை. சனிக்கிழமை இருட்டின பிறகு அதை நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறோம், நானும் கூடப் போகிறேன்.